ஓர் அணுவில் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எத்தனை? கணக்கிடும் முறை, படிப்படியாக

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். ஆனாலும் விடைத்தாள்களில் தவறுகள் குறைவதில்லை. தவறான விடைகளை வரிவரியாகப் பார்த்தால், கழித்தலில் தவறியவர்கள் மிகச் சிலரே. எந்த எண்ணை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதில் தவறியவர்கள்தான் பெரும்பாலோர்.

ஆகவே ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். புரோட்டான் எண்ணிக்கை தனிமத்தின் பெயரிலிருந்தும், நியூட்ரான் எண்ணிக்கை நிறை எண்ணிலிருந்தும், எலக்ட்ரான் எண்ணிக்கை மின்சுமையிலிருந்தும் கிடைக்கின்றன. பின்னிரண்டுக்கும் புரோட்டான் எண்ணிக்கை தேவைப்படுவதால் அதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கீழுள்ள படிகளின் வரிசை அதனால் அமைந்ததே.

1. தொடங்கும் முன் தேவையானவை

தனிம வரிசை அட்டவணை ஒன்று அருகில் இருக்கட்டும். முதல் 20 தனிமங்களின் அணு எண்கள் மனப்பாடமாக இருப்பது நல்லது. இரும்பு 26, தாமிரம் 29, துத்தநாகம் 30, புரோமின் 35, வெள்ளி 47, அயோடின் 53 ஆகியவை கேள்விகளில் அடிக்கடி வருவதால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, கேள்வியிலிருந்து மூன்று செய்திகளைத் தனியே எடுத்து எழுத வேண்டும்: எந்தத் தனிமம், அதன் நிறை எண் என்ன, அதற்கு மின்சுமை உண்டா. கேள்வியைப் படித்துக்கொண்டே கழிக்கத் தொடங்குபவர்கள், கண்ணில் முதலில் பட்ட இரண்டு எண்களைக் கழித்துவிடுகிறார்கள். மூன்றையும் எழுதிவைத்த பிறகு அந்த அவசரத்துக்கு இடமில்லை.

கேள்வியில் முழுக் குறியீடு கொடுக்கப்பட்டிருந்தால், எழுத்தின் இடப்புறம் மேலே இருப்பது நிறை எண், இடப்புறம் கீழே இருப்பது அணு எண், வலப்புறம் மேலே இருப்பது மின்சுமை. வலப்புறம் கீழே எண் இருந்தால் அது அணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். அதற்கும் அணுவின் உள்ளமைப்புக்கும் தொடர்பில்லை. ஆங்கில எழுத்துகளால் குறிக்கும்போது அணு எண்ணை ‘இசட்’ என்றும் நிறை எண்ணை ‘ஏ’ என்றும் எழுதுவார்கள். ‘ஏ’ என்றதும் அணு எண் என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் மாற்றிப் போட்டவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இலங்கைப் பாடநூல்களில் படிப்பவர்கள் புரோத்தன், நியூத்திரன், இலத்திரன், அணுவெண், திணிவெண், சமதானி, அயன் என்ற சொற்களை அறிந்திருப்பார்கள். இங்கே முறையே புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான், அணு எண், நிறை எண், ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணு வகை), அயனி (மின்சுமை கொண்ட அணு அல்லது அணுத்தொகுதி) என்று வருபவை அவையே. கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

2. தனிமம் எது என்பதை உறுதிசெய்தல்

இந்தப் படியைப் பலர் ஒரு படியாகவே கருதுவதில்லை. ஆனால் இங்கே நேரும் பிழை கடைசி வரை தொடர்ந்து, மூன்று விடைகளையும் ஒருசேரக் கெடுத்துவிடுகிறது.

தமிழில் பாடம் கேட்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. போரானின் குறியீடும் பாஸ்பரஸின் குறியீடும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகள். ஆனால் வகுப்பில் வாயால் சொல்லும்போது இரண்டும் ‘பி’ என்றே காதில் விழுகின்றன. முன்னதன் அணு எண் 5, பின்னதன் அணு எண் 15. எனவே காதால் கேட்டு எழுதிய குறிப்பை நம்பாமல், பாடநூலில் அச்சான எழுத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். நான் கரும்பலகையில் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே தனிமத்தின் பெயரையும் தமிழில் எழுதிவிடுவது இதற்காகத்தான்.

‘கே’ என்பதைக் கால்சியம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. அது பொட்டாசியம், அணு எண் 19. மெக்னீசியமும் (12) மாங்கனீசும் (25) பெயர் ஒலியால் மாறிப்போகின்றன.

அட்டவணைக் கட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கும். எது மேலே, எது கீழே என்பது அச்சிட்டவரைப் பொறுத்தது. ஆகவே இடத்தை வைத்து அடையாளம் காணக் கூடாது. இரண்டில் சிறியது அணு எண், பெரியது அணு நிறை. ஹைட்ரஜனுக்கும் இது பொருந்தும்: அணு எண் 1, அணு நிறை 1.008. ‘தசமப் புள்ளி இருப்பது அணு நிறை’ என்ற அடையாளம் பெரும்பாலும் சரியே என்றாலும், டெக்னீசியம் போன்ற சில கதிரியக்கத் தனிமங்களுக்கு நிறையும் முழு எண்ணாகவே அச்சிடப்பட்டிருக்கும். அங்கே அந்த அடையாளம் உதவாது.

3. புரோட்டான்களின் எண்ணிக்கை

அணு எண் எதுவோ அதுவே புரோட்டான்களின் எண்ணிக்கை. இதில் கணக்கே இல்லை. அட்டவணையிலிருந்து பார்த்து எழுதுவதுதான் வேலை.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் குழப்பம் வராது. ஒரு தனிமத்தை அந்தத் தனிமமாக வைத்திருப்பது அணுவின் மையமான உட்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான். 11 புரோட்டான்கள் இருந்தால் சோடியம்; ஒன்று கூடினால் மெக்னீசியம், ஒன்று குறைந்தால் நியான். சமையல் உப்பில் இருக்கும் சோடியம் அயனியிலும் 11, எண்ணெய்க்குள் மூழ்கவைத்துப் பாதுகாக்கும் சோடியம் உலோகத்திலும் 11. வேதிவினைகள் உட்கருவைத் தொடுவதில்லை. ஆகவே மின்சுமையைப் பார்த்துப் புரோட்டானைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிய தேவை எந்தக் கணக்கிலும் வராது.

4. நியூட்ரான்களின் எண்ணிக்கை

நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழிக்க வேண்டும். நிறை எண் என்பது உட்கருவில் உள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை. அதிலிருந்து புரோட்டான்களை நீக்கினால் நியூட்ரான்கள் எஞ்சும். எலக்ட்ரான்கள் இந்தக் கூட்டுத்தொகையில் சேர்வதில்லை. அலுமினியம்-27 அணுவுக்கு 27 − 13 = 14 நியூட்ரான்கள்.

கேள்வியில் நிறை எண் கொடுக்கப்படாதபோதுதான் தொல்லை. மாணவர் உடனே அட்டவணையில் உள்ள அணு நிறையை எடுத்து, முழு எண்ணாக்கிக் கழிக்கிறார். இது எப்போது சரி, எப்போது தவறு என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

தாமிரத்தை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் அதன் அணு நிறை 63.546. முழு எண்ணாக்கினால் 64; 64 − 29 = 35 நியூட்ரான்கள். கணக்கு ஒழுங்காகவே வருகிறது. ஆனால் இயற்கையில் கிடைக்கும் தாமிரத்தில் இருப்பவை இரண்டே ஐசோடோப்புகள்: தாமிரம்-63, தாமிரம்-65. அவற்றின் நியூட்ரான்கள் முறையே 34, 36. 35 நியூட்ரான்கள் கொண்ட தாமிர அணு உங்கள் வீட்டுச் செம்புக் குடத்தில் இல்லை. நூற்றுக்கு ஏறத்தாழ 69 அணுக்கள் முதல் வகையாகவும் 31 அணுக்கள் இரண்டாம் வகையாகவும் இருப்பதால், சராசரி இரண்டுக்கும் இடையில் விழுகிறது. அட்டவணை தருவது அந்தச் சராசரியைத்தான்.

குளோரினின் சராசரி இன்னும் எளிதாகப் புரியும். நான்கு குளோரின் அணுக்களில் ஏறத்தாழ மூன்றின் நிறை எண் 35, ஒன்றின் நிறை எண் 37. மூன்று 35-ஐயும் ஒரு 37-ஐயும் கூட்டினால் 142; நான்கால் வகுத்தால் 35.5. பாடநூலில் மனப்பாடம் செய்த அந்த 35.5 வந்தது இப்படித்தான். எந்தக் குளோரின் அணுவிலும் பதினெட்டரை நியூட்ரான்கள் இல்லை. புரோமினிலும் இதே நிலை: சராசரி 79.90, ஆனால் இயற்கையில் உள்ளவை 79, 81 ஆகிய இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதியாக.

முழு எண்ணாக்குவது நம்பகமாகப் பலிப்பது, இயற்கையில் ஒரே ஐசோடோப்பாகக் கிடைக்கும் தனிமங்களில்தான்: புளூரின்-19, சோடியம்-23, அலுமினியம்-27, பாஸ்பரஸ்-31, அயோடின்-127, தங்கம்-197. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்றவற்றில் ஓர் ஐசோடோப்பு 98 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால் அங்கேயும் முழு எண்ணாக்கலாம். ‘பெரும்பாலான அணுக்களில்’ என்ற பொருளில்தான் அந்த விடை சரி. சில வினாத்தாள்களில் தாமிரத்துக்கும் அணு நிறையை மட்டும் கொடுத்து நியூட்ரான் கேட்டிருப்பார்கள். அப்போது மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். விடையை எழுதி, ‘சராசரி நிறையை முழு எண்ணாக்கியதன்படி’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அந்த வரி உண்மையைக் காக்கும்.

‘நியூட்ரானும் புரோட்டானும் சமம்’ என்ற எண்ணமும் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. முதலில் படிக்கும் கார்பன்-12, ஆக்சிஜன்-16, கால்சியம்-40 எல்லாவற்றிலும் இரண்டும் சமமாக இருப்பதே இதற்குக் காரணம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம்-232-ஐப் பாருங்கள்: புரோட்டான் 90, நியூட்ரான் 142. புரோட்டான்கள் பெருகப் பெருக அவை ஒன்றையொன்று விலக்கும் விசையும் பெருகுகிறது; உட்கரு சிதறாதிருக்க மின்சுமையற்ற நியூட்ரான்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. இன்னொரு முனையில் ஹைட்ரஜன்-1 அணுவில் நியூட்ரானே இல்லை. 1 − 1 = 0 என்று வந்தால் பதற்றப்பட வேண்டாம்.

மருத்துவமனை ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீசியம்-99எம் பற்றியும் மாணவர்கள் கேட்பதுண்டு. அந்த ‘எம்’ உட்கரு கூடுதல் ஆற்றலுடன் கிளர்ச்சி நிலையில் இருப்பதை மட்டுமே காட்டுகிறது, எண்ணிக்கையை மாற்றுவதில்லை. 99 − 43 = 56.

5. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை

மின்சுமை எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் அணு நடுநிலையில் இருக்கிறது. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சமம். மின்சுமை இருந்தால், புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து அதை அதன் குறியோடு கழிக்க வேண்டும்.

மெக்னீசியம் 2+ அயனிக்கு 12 − 2 = 10. ஆக்சைடு 2− அயனிக்கு 8 − (−2) = 8 + 2 = 10.

இந்தப் பாடத்திலேயே மிகுதியாக நேரும் பிழை இங்கேதான். ஒரு மாணவியின் தாளில் மெக்னீசியம் அயனிக்கு ‘12 + 2 = 14’ என்று இருந்தது. அவரை அழைத்து, “மெக்னீசியம் எதை இழந்தது?” என்று கேட்டேன். “இரண்டு எலக்ட்ரானை, சார்” என்று தயங்காமல் சொன்னார். கருத்து அவருக்குத் தெளிவாகவே இருந்தது. கூட்டல் குறியைக் கண்டதும் கை கூட்டிவிட்டது. அன்று முதல், அயனிக் கணக்கில் எண்ணை எழுதுவதற்கு முன் ‘இழந்தது’ அல்லது ‘பெற்றது’ என்ற சொல்லை எழுதச் சொல்கிறேன். எலக்ட்ரானின் சுமை எதிர்க்குறி கொண்டது. அதை இழந்தால் அணுவில் நேர்ச்சுமை மிஞ்சும், பெற்றால் எதிர்ச்சுமை மிஞ்சும். அந்தச் சொல் முதலில் தாளில் விழுந்துவிட்டால் கை அதற்கு மாறாகப் போவதில்லை.

இன்னொரு பிழை, எலக்ட்ரான்களை ‘நிறை எண் − நியூட்ரான்’ என்று கணக்கிடுவது. நடுநிலை அணுவில் இது தற்செயலாகச் சரியான விடையைத் தருவதால் பழக்கமாகிவிடுகிறது. உண்மையில் அந்தக் கழித்தல் தருவது புரோட்டான் எண்ணிக்கையை. அயனி வந்ததும் பழக்கம் காலை வாரிவிடும்.

ஒரே தனிமம் வெவ்வேறு மின்சுமைகளைக் கொள்ளக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஃபெரஸ் அயனியின் மின்சுமை 2+, எலக்ட்ரான் 24. ஃபெரிக் அயனியின் மின்சுமை 3+, எலக்ட்ரான் 23. இரண்டுமே 26 புரோட்டான்கள் கொண்ட இரும்புதான். மறுபுறம், ஆக்சைடு, புளூரைடு, நியான், சோடியம் அயனி, மெக்னீசியம் அயனி, அலுமினியம் அயனி எல்லாவற்றிலும் எலக்ட்ரான் 10. எலக்ட்ரான் எண்ணிக்கையை வைத்துத் தனிமத்தின் பெயரைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

6. இரண்டு வரிச் சரிபார்ப்பு

முதல் வரி: புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் நிறை எண் வர வேண்டும். இரண்டாம் வரி: புரோட்டானிலிருந்து எலக்ட்ரானைக் கழித்தால் மின்சுமை, அதன் குறியோடு, வர வேண்டும்.

மேலே சொன்ன ‘14’ என்ற விடையை இதில் இட்டுப் பாருங்கள்: 12 − 14 = −2. கேள்வியில் இருந்தது +2. குறி மாறியது உடனே தெரிந்துவிடுகிறது. இரும்பு-56-இன் ஃபெரிக் அயனிக்கு 26 + 30 = 56, 26 − 23 = +3; இரண்டும் பொருந்துகின்றன. எண்ணை மட்டும் பார்த்துக் குறியை விட்டுவிடுபவர்களுக்கு இந்தச் சரிபார்ப்பால் பயனில்லை.

7. தலைகீழ்க் கணக்கு

எண்ணிக்கைகளைக் கொடுத்து அணுவைக் கேட்டால், வரிசை அதேதான்: புரோட்டானிலிருந்து தொடங்க வேண்டும். புரோட்டான் 15, நியூட்ரான் 16, எலக்ட்ரான் 18 என்றால், 15 என்பதால் பாஸ்பரஸ்; 15 + 16 = 31 நிறை எண்; 15 − 18 = −3 மின்சுமை. எலக்ட்ரான் 18 என்பதைப் பார்த்து ஆர்கான் என்று எழுதுபவர்கள் 5-ஆம் பகுதியின் கடைசிப் பத்தியை மறுபடி படிக்க வேண்டும்.

மேல்வகுப்பில் சற்றுச் சுற்றிக் கேட்பார்கள். ‘நிறை எண் 65, மின்சுமை 2+ கொண்ட ஓர் அயனியில் எலக்ட்ரான்களைவிட நியூட்ரான்கள் 9 அதிகம்; தனிமம் எது?’ புரோட்டான்களின் எண்ணிக்கையை ‘க’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எலக்ட்ரான்களை இழந்திருப்பதால் எலக்ட்ரான் க − 2. நியூட்ரான் அதைவிட 9 அதிகம் என்பதால் க − 2 + 9 = க + 7. புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து 65: 2க + 7 = 65, க = 29. தாமிரம். நியூட்ரான் 36, எலக்ட்ரான் 27.

இதில் மறைந்திருக்கும் பள்ளத்தைக் கவனியுங்கள். அவசரத்தில் ‘புரோட்டானைவிட 9 அதிகம்’ என்று படித்தால் 2க + 9 = 65, க = 28 என்று முழு எண்ணாகவே விடை வந்து நிக்கல் என்று முடியும். பின்னம் வந்தால் சந்தேகம் எழும். முழு எண் வந்ததால் எழுவதில்லை. அந்த விடையில் நியூட்ரான் 37, எலக்ட்ரான் 26, வித்தியாசம் 11. கேள்வியில் சொன்ன 9 வருகிறதா என்று கடைசியில் ஒருமுறை பார்ப்பதுதான் இதிலிருந்து தப்பும் வழி.

8. பல அணுக்கள் சேர்ந்த அயனிகள்

ஒவ்வோர் அணுவின் புரோட்டான்களையும் கூட்டிய பிறகு, மின்சுமையை, அதன் குறியோடு, ஒரே ஒருமுறை கழிக்க வேண்டும். சல்பேட் அயனியில் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் இருக்கின்றன: 16 + (4 × 8) = 48 புரோட்டான்கள். மின்சுமை 2− என்பதால் எலக்ட்ரான் 50.

ஆக்சைடு 2− என்று படித்த நினைவில், ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் 2 சேர்த்து 56 என்று எழுதுவது இங்கே வழக்கமான பிழை. மின்சுமை முழு அயனிக்கும் உரியது. தனித்தனி ஆக்சிஜனுக்கு உரியதன்று. ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் கொண்ட அம்மோனியம் அயனியில் 7 + 4 = 11 புரோட்டான்கள், மின்சுமை 1+ என்பதால் 10 எலக்ட்ரான்கள்.

9. செய்து பார்க்க

விடையைப் பார்க்காமல் தாளில் மூன்று பத்திகள் வரைந்து இவற்றைச் செய்து பாருங்கள்: கார்பன்-14, ஆர்கான்-40, பொட்டாசியம்-39 (மின்சுமை 1+), கந்தகம்-34 (மின்சுமை 2−), கோபால்ட்-60, யுரேனியம்-235, ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்சிஜனும் கொண்ட நைட்ரேட் அயனி (மின்சுமை 1−; புரோட்டானும் எலக்ட்ரானும் மட்டும்).

விடைகள், புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்ற வரிசையில்: கார்பன் 6, 8, 6. ஆர்கான் 18, 22, 18. பொட்டாசியம் 19, 20, 18. கந்தகம் 16, 18, 18. கோபால்ட் 27, 33, 27. யுரேனியம் 92, 143, 92. நைட்ரேட்டுக்குப் புரோட்டான் 31, எலக்ட்ரான் 32.

கார்பனுக்கு நியூட்ரான் 6 என்று வந்திருந்தால், கேள்வியில் கொடுத்த 14-ஐ விட்டுவிட்டு அட்டவணையின் 12.011-ஐ எடுத்திருக்கிறீர்கள். கந்தகத்துக்கு எலக்ட்ரான் 14 என்று வந்திருந்தால் குறி மாறியிருக்கிறது. நைட்ரேட்டுக்கு எலக்ட்ரான் 34 என்றால் மின்சுமையை மூன்று ஆக்சிஜனுக்கும் தனித்தனியே சேர்த்திருக்கிறீர்கள். ஆர்கானுக்கும் பொட்டாசியத்துக்கும் எண்கள் இடம் மாறியிருந்தால், நிறை கூடியது அட்டவணையில் பின்னால் வரும் என்று எண்ணியிருக்கலாம். ஆர்கானின் சராசரி நிறை 39.95, பொட்டாசியத்தினுடையது 39.10. அட்டவணை அணு எண்ணின் வரிசையில் அமைந்தது என்பதால் 18 முன்னாலும் 19 பின்னாலும் நிற்கின்றன.